ஜெப ஆலயத்தில் பாடுகிறவர் கச்சேரி செய்யலாம், ஓப்பரா மட்டும் கூடாதா? (யோசலே ரோசன்பிளாட் தட்டு பற்றி ஒரு சந்தேகம்)

பழந்தட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பழைய 78 சுழற்சித் தட்டுகளைக் கழுவித் துடைத்துக் கணினியில் ஏற்றுவது என் பொழுதுபோக்கு. போன மாதம் ஏலத்தில் எடுத்த பெட்டியில் நான் கேள்விப்படாத ஒரு தட்டு கிடந்தது. கொலம்பியா கம்பெனி. ஒலிவாங்கி வருவதற்கு முந்தைய காலத்தது, புனல் வைத்துப் பதிந்த சத்தம். லேபிளில் கேன்டர் ஜோசப் ரோசன்பிளாட் என்ற பெயரை மட்டும் படிக்க முடிந்தது. (கேன்டர் என்றால் யூதர்களின் ஜெப ஆலயத்தில் தொழுகையை முன்நின்று பாடுகிறவர்.) பாட்டின் பெயர் எனக்குத் தெரியாத எழுத்தில் இருக்கிறது.

ஊசியை வைத்தேன். தாளம் கிடையாது. விருத்தம் பாடுகிற மாதிரி ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறார். திடீரென்று குரல் உடைந்து மேலே ஏறி, மெல்லிய இழையாகி, அங்கேயே ஒரு பிருகா. இறங்கும்போது ஒரு விம்மல். தட்டில் கீறல் என்று நினைத்து மறுபடி துடைத்துப் போட்டேன். விம்மல் அதே இடத்தில் வந்தது.

தேடிப் படித்தேன். யோசலே என்றும் அழைக்கப்பட்ட இவர் 1882இல், இன்றைய உக்ரைனில் இருக்கும் பிலா செர்க்வாவில் பிறந்தவர். சின்னப் பையனாகவே ஜெப ஆலயங்களில் பாடிப் பேர் வாங்கியவர். முன்காச், பிரெஸ்பர்க், ஹாம்பர்க் என்று வேலை மாறி 1912இல் நியூயார்க்கின் ஹார்லெமில் ஒஹாப் ஸெடெக் சபைக்கு வருகிறார். 1918இல் சிகாகோ ஓப்பராவின் இயக்குநர் காம்பனீனி, அலெவியின் 'லா ஜூயிவ்' ஓப்பராவில் (பாடியே நடிக்கும் மேடை நாடகம்) எலியாசர் என்ற யூதர் வேடம் கட்டக் கூப்பிடுகிறார். ஒரு இரவுக்கு 1000 டாலர். தாடியை எடுக்க வேண்டாம், ஓய்வுநாளில் பாட வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் இறங்கி வருகிறார். இவர் மாட்டேன் என்கிறார். அதே ஆள், அதே 1918இல், நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கில் கச்சேரி செய்கிறார்!

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. கார்னகி ஹாலில் காசு வாங்கிப் பாடலாம், ஓப்பராவில் பாடக் கூடாது என்றால் கோடு எங்கே விழுகிறது? இந்த கேன்டர் வேலை நம் ஓதுவார் மாதிரியா, கச்சேரி வித்வான் மாதிரியா? கிட்டத்தில் இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை சார். ஓப்பராவை மறுத்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. 1000 டாலரை வேண்டாம் என்ற பக்திமான் என்று பெயர் பரவினால் கச்சேரிக்குக் கூட்டம் தானாக வரும். நல்ல வியாபாரம்.

அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்பதையும் படியுங்கள். யாரோ பேச்சைக் கேட்டு ஒரு யூதப் பத்திரிகையில் பணத்தைப் போட்டார். அது மூழ்கி 1925இல் திவால். கடனை அடைக்க வாட்வில்லி மேடை ஏறினார். வாட்வில்லி என்றால் ஒரே மாலையில் நாய் வித்தை, குட்டிக்கரணம், ஜோடி நடனம் எல்லாம் வரிசையாக வரும். அதற்கு நடுவில் நின்று பாடினார். அடுத்தது சினிமா. 1927இல் வந்த 'தி ஜாஸ் சிங்கர்' படத்தில் தலை காட்டினார். 1933இல் எருசலேமில் 51 வயதில் மாரடைப்பால் இறந்தாரே, அப்போது அங்கே போனதும் ஒரு படப்பிடிப்புக்குத்தான். ஓப்பரா தீட்டு, வாட்வில்லியும் சினிமாவும் மட்டும் மடியா?


இரண்டாம் ஆல்டோ எழுதியது:

கணக்குப்பிள்ளை சார், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொன்ன சம்பவங்கள் எல்லாம் சரி. கூட்டிப் பார்த்த விதத்தில்தான் எனக்குச் சண்டை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் யூதப் பெண் இல்லை. தமிழ் சர்ச் கொயரில் பாடி வளர்ந்தவள். பதினோரு வருடமாக நியூ ஜெர்சியில் கன்சர்வேட்டிவ் என்ற யூதப் பிரிவின் ஜெப ஆலயம் ஒன்றில் பெருநாள் கொயரில் சம்பளத்துக்குப் பாடுகிறேன். எட்டுப் பேர் கொண்ட கொயர், மூன்று பேர் யூதர் இல்லை. நோட்ஸில் எபிரேயச் சொற்களுக்கு அடியில் தமிழில் எழுதி வைத்துக்கொள்வேன். தொண்டையைக் காறுகிற மாதிரி அவர்களுக்கு ஒரு எழுத்து உண்டு, அதற்கு ஃ போட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் நிற்கும் சோப்ரானோ இதைப் பார்த்து முதல் வருடம் முழுக்கச் சிரித்தாள். இப்போது அவளுக்கே சந்தேகம் வந்தால் என் தாளைத்தான் எட்டிப் பார்க்கிறாள்.

அந்த முதல் வருடத்தில் நான் செய்த அசட்டுத்தனம் ஒன்று. யோம் கிப்பூர், அவர்களுடைய பாவ நிவிர்த்தி நாள். முந்தின நாள் சூரியன் மறையும் முன் தொடங்கி மறுநாள் இருட்டிய பிறகு முடியும். ஏறக்குறைய 25 மணி நேரம் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. இது எனக்குப் படிப்பறிவாகத் தெரியும். ஆனாலும் பாடப் போகிறவளுக்குக் கை பழக்கம் போகுமா? தண்ணீர் பாட்டிலையும் இருமல் மாத்திரையையும் கொயர் இடத்தில் காலடியில் வைத்திருந்தேன். மதியம் இரண்டு மணி இருக்கும். ஒரு பாட்டு முடிந்ததும் குனிந்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு நிமிர்ந்தால், ஹஸ்ஸான் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். (கேன்டருக்கு எபிரேயத்தில் ஹஸ்ஸான்.) நேற்று சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டு உள்ளே போகாத மனிதர். நேற்று இரவு இரண்டரை மணி நேரம், இன்று அதுவரை மூன்று மணி நேரம் பாடியாகிவிட்டது. கோபம் இல்லை, புருவத்தை மட்டும் உயர்த்தினார். அடுத்த வருடத்திலிருந்து பாட்டில் கைப்பையை விட்டு வெளியே வருவதில்லை.

தண்ணீர் இல்லாமல் அத்தனை மணி நேரம் எப்படி என்று பிறகு ஒருநாள் கேட்டேன். நோன்புக்கு மூன்று நாள் முன்பிருந்தே நிறையக் குடிப்பாராம், காப்பியை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுவாராம், நடுவில் யாரோடும் பேச மாட்டாராம். காலை வேளைத் தொழுகையைச் சபையில் வேறொருவர் நடத்துகிறார். இவர் முந்தின இரவையும், முற்பகலில் வரும் முசாஃப் என்ற கூடுதல் தொழுகையையும், கடைசி நெஇலாவையும் எடுத்துக்கொள்கிறார். நெஇலா என்றால் வாசல் அடைப்பு. தொண்டை மரக்கட்டையாகி இருக்கும் நேரத்தில்தான் அந்த நாளின் உயரமான ஸ்வரங்கள் வருகின்றன.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், பழந்தட்டு சார் கேட்ட கோடு எங்களுடைய இடத்திலிருந்து பார்த்தால் தெரியும். சபையார் பார்ப்பது அவருடைய முதுகை. அவர் வேதச் சுருள் வைத்திருக்கும் பேழையைப் பார்த்து நின்று பாடுகிறார், சபையைப் பார்த்து இல்லை. (ரிஃபார்ம் பிரிவின் ஆலயங்கள் பலவற்றில் சபையைப் பார்த்துதான் நிற்பார்கள்.) கொயர் பக்கவாட்டில் இருப்பதால் அவர் முகம் எங்கள் எட்டுப் பேருக்குத்தான் தெரியும். வெள்ளைத் துணியில் கிட்டெல் என்ற அங்கி. அடியில் கேன்வாஸ் ஷூ, ஏனென்றால் அன்று தோல் செருப்பு போடக் கூடாது. பிணத்துக்கு உடுத்துகிற வெள்ளையும், டென்னிஸ் ஆடப் போகிற ஷூவும்.

அவருக்கு இன்னொரு பெயர் ஷலியாஹ் ஸிப்பூர், சபையின் தூதர். அச்சுப் புத்தகம் இல்லாத காலத்தில் பிரார்த்தனை எல்லோருக்கும் மனப்பாடம் இருக்காது. தெரிந்த ஒருவர் எல்லோருக்காகவும் சொல்லுவார், மற்றவர்கள் ஆமென் சொன்னால் அவர்கள் கடமையும் தீர்ந்தது. அந்த வேலைதான் இது. குரல் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. பெருநாள் முசாஃபுக்கு முன்னால் ஹினெனி என்று ஒரு பிரார்த்தனை இருக்கிறது, ஹஸ்ஸான் தனக்காகச் சொல்லிக்கொள்வது. நற்செயலில் ஏழையான நான் இதோ வந்திருக்கிறேன், என்னால் இவர்கள் வெட்கப்பட வேண்டாம் என்கிற பொருளில் போகும். எங்களவர் அதை வாசல் பக்கத்திலிருந்து, காதில் விழுந்தும் விழாமலும் தொடங்கிக்கொண்டு நடந்து வருவார். பிறகு முசாஃபுக்குள் ஒரு இடத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுவார். தொழுகை நடுவில் பாதத்தை நகர்த்தக் கூடாது என்பதால் இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவார்கள். தூக்கிய மூச்சிலேயே அடுத்த வரி தொடங்க வேண்டும். குரல் பயிற்சி ஆசிரியர் யாராவது பார்த்தால் மயங்கி விழுவார்.

அடுத்தது, இதுதான் முக்கியம். ஒத்திகையில் அவர் கடவுள் பெயரைப் பாடவே மாட்டார். அதோனாய் என்று எழுதியிருக்கும் இடத்தில் அதோஷெம் என்று பாடுவார். எலோஹேனு எலோகேனு ஆகிவிடும். தொழும்போது மட்டும்தான் பெயர் வரும். பயிற்சிக்காக அந்தப் பெயரைப் புழங்கினால் வீணாக உச்சரித்ததாகும். முதல் வருடம் ஆகஸ்டிலிருந்து ஒத்திகையில் அதோஷெம் கேட்டே பழகிப்போய், பெருநாள் அன்று அவர் முதல் தடவை நிஜச் சொல்லைச் சொன்னபோது எனக்கு என் வரியே மறந்துவிட்டது.

இப்போது ரோசன்பிளாட்டுக்கு வாருங்கள். 'லா ஜூயிவ்' இரண்டாம் அங்கம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? மேடையில் பஸ்கா விருந்து. எலியாசர் தலைமை தாங்கி முன்னோர்களின் தேவனை அழைத்துப் பாடுகிறார். வாரம் தவறாமல் சபைக்காகத் தொழுகிற ஒருவர், சாயம் பூசிக்கொண்டு, பிரெஞ்சில், தொழுகிறவராக நடிக்க வேண்டும். எதிரே ஆயிரக்கணக்கில் டிக்கெட் எடுத்தவர்கள். காம்பனீனி தாடியையும் ஓய்வுநாளையும் விட்டுக்கொடுத்தார், இதை விட்டுக்கொடுக்க முடியாது. ஒப்பந்தமே இதற்குத்தானே. அவருடைய சபையும் இந்தப் புனிதப் பதவிக்கு ஓப்பரா மேடை ஒத்துவராது என்று சொல்லிவிட்டது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார்னகி ஹாலில்? தன் பெயரில், தன் தாடியோடு, தலையில் தொப்பியோடு, ரோசன்பிளாட்டாகவே நின்று பாடினார். வாட்வில்லியிலும் அப்படித்தான். முன்னால் நாய் வித்தை நடந்தால் என்ன, பின்னால் குட்டிக்கரணம் போட்டால் என்ன, அவர் வேறு யாராகவும் வேடம் கட்டவில்லை. ஓய்வுநாளான வெள்ளி இரவும் சனிப் பகலும் அங்கேயும் பாடவில்லை. அந்த இரண்டும்தான் நாடகக் கொட்டகைக்கு வசூல் வேளை. திவாலானவர் அதை விட்டுக்கொடுப்பது உங்கள் கணக்கில் எந்தப் பத்தியில் வரும்?

சினிமாவையும் பாருங்கள். 'தி ஜாஸ் சிங்கர்' கதையில் நாயகனின் அப்பா ஒரு கேன்டர். அந்த அப்பா வேடத்துக்குத்தான் முதலில் இவரைக் கேட்டார்கள், கோல் நித்ரே பாடச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். படத்தில் அவர் வருவது ஒரு கச்சேரிக் காட்சியில், கேன்டர் ரோசன்பிளாட்டாகவே. பாடுவதும் தொழுகைப் பாட்டு இல்லை, இறந்தவர் நினைவுக்கு ஏற்றும் விளக்கைப் பற்றி, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழியில் ஒரு பாட்டு. 1933 படத்துக்கும் அதே கதைதான், புனித இடங்களில் அவர் அவராகவே நின்று தன் பாட்டைப் பாடுவதாக ஏற்பாடு. வரிசையாக வைத்துப் பார்த்தால் மனிதர் ஒரு தடவைகூடத் தடம் மாறவில்லை. எங்கே வேண்டுமானாலும் நிற்பார், தொழுகிற மாதிரி நடிக்க மாட்டார். விளம்பரம் கிடைத்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்துக்காக 15 வருடம் ஒரே இடத்தில் கோடு போட முடியாது.

கோல் நித்ரேயை ஏன் மறுத்தார் என்று கேட்பீர்கள். யோம் கிப்பூர் இரவின் தொடக்கம் அது. சுருள்களை ஏந்தியவர்கள் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் ஹஸ்ஸான். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு நியாய சபை. வார்த்தைகளைப் பார்த்தால் பிரார்த்தனையே இல்லை, நேர்ந்துகொண்டு நிறைவேற்ற முடியாமல் போகும் வாக்குகளை ரத்து செய்கிற ஒரு சட்ட வாசகம், அரமேய மொழியில். அதை மூன்று முறை பாட வேண்டும். முதல் முறை அரண்மனைக்குள் புதிதாக நுழைகிறவனைப் போல மெதுவாக, இரண்டாம் முறை கொஞ்சம் உயர்த்தி, மூன்றாம் முறை அங்கே பழகியவனைப் போல என்று இடைக்காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களவர் முதல் முறை பாடும்போது நான் மூச்சு விடும் சத்தம் எனக்கே கேட்கும். இதைப் போய் கேமராவுக்காக ஐந்தாவது டேக் எடுப்பதா?


கைசிகி எழுதியது:

ஆல்டோ அக்கா, அருமை. ராகப் பக்கம் மட்டும் நான் ஒன்று சேர்க்கிறேன். வேறொரு இழையில் யாரோ யூத இசை முழுக்க மாயாமாளவகௌளை என்று எழுதியிருந்தார்கள். கிட்டத்தில் வந்து தவறவிட்டிருக்கிறார்கள். அவர்கள் அஹாவா ரப்பா என்று சொல்கிற மெட்டுக்குச் சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம் வரை எல்லாம் அதேதான். நிஷாதம் மட்டும் கைசிகி. ஆக 14ஆவது மேளம், வகுளாபரணம். பிரதி மத்யமம் வரும் இன்னொரு மெட்டும் புழக்கத்தில் உண்டு, ஸ்வரங்களை எழுதிப் பார்த்தால் ஹேமவதி.

ஸ்வரம் ஒன்றானாலும் ராகம் என்று சொல்லிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். எந்தத் தொழுகைக்கு, எந்த வேளைக்கு, எந்தச் சொற்றொடர்கள் என்று நுஸாஹ் என்ற ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஓய்வுநாள் காலைக்கு ஒன்று, பெருநாளுக்கு வேறு. கண்ணை மூடிக் கேட்டால் இது என்ன நாள், என்ன வேளை என்று தெரிந்துவிடும் என்பார்கள். அந்த எல்லைக்குள் ஹஸ்ஸான் கற்பனை செய்து போகலாம். பழந்தட்டு சாருக்கு விருத்தம் நினைவு வந்தது சரிதான். அந்த விம்மலுக்கும் யித்திஷில் பெயர் உண்டு, க்ரெஃக்ட்ஸ். கீறல் இல்லை சார், துடைத்துப் போகாது.


கணக்குப்பிள்ளை எழுதியது:

அக்கா, 1000 டாலர் விஷயத்தில் என் கணக்கு தப்பு, ஒத்துக்கொள்கிறேன். விளம்பரம் கொஞ்சமாவது இருந்தது என்பதை மட்டும் விட மாட்டேன். இன்னொரு கேள்வி. ஓப்பராவுக்குப் போயே தீருவேன் என்று போன ஹஸ்ஸான் யாரும் இல்லையா? இரண்டையும் வைத்துக்கொண்டவர்? உங்கள் ஹஸ்ஸான் கச்சேரி செய்கிறாரா, அதில் பிழைக்க முடிகிறதா?


இரண்டாம் ஆல்டோ எழுதியது:

இரண்டையும் வைத்துக்கொண்டவர் என்றால் எனக்கு ரிச்சர்ட் டக்கர்தான். 1913இல் புரூக்ளினில் பிறந்தார், பிறந்த பெயர் ரூபின் டிக்கர். நியூயார்க்கின் ஆலன் தெரு ஜெப ஆலயத்தில் சிறுவர் ஆல்டோ. (ஆல்டோ ஆட்கள் எங்கேயும் உருப்படுவார்கள் என்பதற்கு இது சாட்சி.) வளர்ந்து விலங்கு ரோமத் தோல் கோட்டுகளுக்கு உள்ளே தைக்கும் பட்டுத் துணி விற்றுக்கொண்டே ஹஸ்ஸானாக இருந்தார். 1943இல் புரூக்ளின் ஜூயிஷ் சென்டரில் பெரிய பதவி. 1945 ஜனவரியில் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவில் 'லா ஜியோகோண்டா'வில் அரங்கேறி, 1975 ஜனவரியில் இறக்கும் வரை முப்பது வருடம் அங்கே முன்னணி டெனர் (ஆண்களில் மேல்ஸ்தாயிக் குரல்). ஆனால் பெருநாட்களில் ஹஸ்ஸானாக நின்று பாடுவதை விடவில்லை. அவருடைய இறுதிச் சடங்கு மெட்ரோபாலிட்டன் மேடையிலேயே நடந்தது, அந்த மரியாதை வேறு எந்தப் பாடகருக்கும் கிடைத்ததில்லை. ரோசன்பிளாட் வேண்டாம் என்ற அதே எலியாசர் வேடத்துக்கு இவர் வாழ்நாள் முழுக்க ஏங்கினார். வேறு இடங்களில் பாடினார், மெட்ரோபாலிட்டனில் கைகூடுவதற்குள் போய்விட்டார். அதே வேடம்தான் புகழ்பெற்ற டெனர் கருஸோ கடைசியாகப் பாடியதும், 1920 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு.

டக்கரின் மைத்துனர் யான் பியர்ஸும் மெட்ரோபாலிட்டன் டெனர், அவரும் தொழுகைப் பாட்டு பாடுவார். இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை என்பது தனிக்கதை, அதற்குள் போகவில்லை.

எதிர்த் திசையில் போனவர் ஹெர்மன் யாட்லோவ்கர். ரீகாவில் பிறந்தவர், 1912இல் ஸ்டுட்கார்ட்டில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'அரியாட்னே'யில் பாக்கஸ் வேடத்தை முதன்முதலாகப் பாடியவர். ஓப்பராவில் எல்லாம் பார்த்துவிட்டு ரீகாவுக்கே திரும்பி ஹஸ்ஸானாக உட்கார்ந்தார். 1938இல் பாலஸ்தீனம் போனதால் தப்பினார். வார்சாவின் பெரிய ஜெப ஆலயத்தில் பாடிய கெர்ஷோன் சிரோட்டாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இசைத்தட்டில் பாடிய முதல் ஹஸ்ஸான்களில் ஒருவர், 1943இல் வார்சாவில் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவில் குடும்பத்தோடு மாண்டார். அந்த ஆலயத்தையே அதே வருடம் மே 16ஆம் தேதி ஜெர்மானியர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்தக் குரல் இன்று மிச்சம் இருப்பது உங்களைப் போன்றவர்கள் துடைத்துப் போடுகிற தட்டுகளில்தான், பழந்தட்டு சார். தட்டில் பாடுவதே பாவம் என்று அப்போது பெரிய சண்டை நடந்தது. ஒதெஸாவின் ஹஸ்ஸான் மின்கோவ்ஸ்கி கடுமையாக எதிர்த்து எழுதினார். அந்தத் தட்டை யார், எங்கே, எந்த நிலையில் கேட்பார்கள் என்று தெரியாதே என்பது எதிர்த்தவர்கள் கவலை. சிரோட்டாவின் தட்டைக் கேட்கும்போதெல்லாம் மின்கோவ்ஸ்கி தோற்றது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் ஹஸ்ஸான் விஷயம். கச்சேரி வருடத்துக்கு நான்கைந்து வரும், அதில் பிழைக்க முடியாது. வாழ்வது ஆலயச் சம்பளத்தில். அந்தச் சம்பளத்துக்கு அவர் செய்யும் வேலையில் பாட்டு கால் பங்கு இருந்தால் அதிகம். பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்கு, பார் மிட்ஸ்வா என்ற வயதுக்கு வரும் சடங்கில் தோரா, அதாவது வேதச் சுருள், வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பகுதியைப் பாடிப் பதிந்து போனில் அனுப்புவார். அந்தப் பிள்ளைகளோ குரல் உடைகிற வயது. கல்யாணத்தில் ஏழு ஆசீர்வாதம், அடக்கத்தில் எல் மாலே ரஹமிம் என்ற இறந்தவருக்கான பிரார்த்தனை, நடுவில் ஆஸ்பத்திரி. ஒரு ஞாயிறு காலை அடக்கம் முடித்துவிட்டு, கார் டிக்கியில் இருந்த வேறு கோட்டை மாட்டிக்கொண்டு மதியம் கல்யாணத்துக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

கச்சேரியில் அவர் பாடுவதும் கேட்டிருக்கிறேன். அதே பாட்டு, அதே குரல். மேல் ஸ்வரத்தில் இரண்டு மூச்சு அதிகம் நிற்பார், அவ்வளவுதான் வித்தியாசம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் கவனித்தேன், கச்சேரியில் கண் திறந்திருக்கிறது. முடிந்ததும் கைதட்டல். ஆலயத்தில் கைதட்ட மாட்டார்கள். இறங்கி வரும்போது கையைப் பிடித்து யஷேர் கோஆஃக் என்பார்கள், உன் பலம் ஓங்கட்டும் என்கிற மாதிரி. எனக்கு ஒருமுறை ஒரு பாட்டி சொன்னார். காசோலையைவிட அது இனித்தது. காசோலை அன்றைக்குக் கைக்கு வரவும் வராது, புனித நாளில் பணம் தொடுவதில்லை, அடுத்த வாரம் தபாலில்தான்.

ஆண்கள் மட்டுமா என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ரிஃபார்ம் பிரிவில் 1975இல் முதல் பெண் கேன்டர், கன்சர்வேட்டிவ் பிரிவில் 1987இல். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இன்னும் ஆண்கள்தான். ரோசன்பிளாட் காலத்தில் குருவிடம் கூடவே திரிந்து கற்றார்கள். இப்போது கல்லூரிப் படிப்பு, நியூயார்க்கில் ரிஃபார்ம் பள்ளி 1948இலும் கன்சர்வேட்டிவ் பள்ளி 1952இலும் வந்தன. எங்கள் ஆலயத்துக்கு உதவி கேன்டராக வந்திருப்பவள் ஒரு மெஸ்ஸோ சோப்ரானோ. ஓப்பரா தேர்வுக்கெல்லாம் போய்விட்டு வந்தவள். போன வருடம் ஹினெனியை அவள் பாடினாள். பெரியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு ரகசியம். எங்கள் ஆலயத்தில் அன்று வாத்தியம் கிடையாது, சுருதி பார்க்க எதுவும் கிடையாது. எல்லாம் அவர் தொண்டையிலிருந்து எடுப்பதுதான். காலையில் தொடங்கிய கொயர் நெஇலா வரும்போது அரைக் கட்டை இறங்கியிருக்கும். அவர் இறங்க மாட்டார். நாங்கள்தான் மேலே ஏறிப் போய் ஒட்டிக்கொள்வோம்.


கைசிகி எழுதியது:

அக்கா கடைசியில் சொன்னதைப் படித்ததும் ஞாபகம் வந்தது. பழந்தட்டு சார், அந்தத் தட்டை எந்த வேகத்தில் ஏற்றினீர்கள்? புனல் காலத்து கொலம்பியா தட்டுகளை 78இல் போடக் கூடாது, 80. இரண்டு சுழற்சிதானே என்று விடாதீர்கள், கிட்டத்தட்டக் கால் கட்டை இறங்கிவிடும்.


பழந்தட்டு எழுதியது:

78இல்தான் ஏற்றினேன். கணினி சொன்னதைக் கேட்டேன், லேபிளைப் பார்க்கவில்லை. உறையிலிருந்து எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் பொடி எழுத்தில் 80 என்று இருக்கிறது. இத்தனை வருடம் தட்டு துடைத்தவனுக்கு வெட்கம்.

இப்போது 80இல் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். குரலில் இருந்த மந்தம் போய்விட்டது. நான் கிழவர் என்று நினைத்திருந்தேன், முப்பது சொச்சம் வயதுக்காரர் பாடுகிறார். விம்மல் அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் நாலு நிமிடத்துக்கு மேல் கொள்ளாது அல்லவா, கடைசி வரியைக் கொஞ்சம் அவசரமாக முடிக்கிறார். ஆலயத்தில் அந்த வரியை எவ்வளவு நேரம் பாடுவார்கள் அக்கா? லேபிளைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். உங்கள் சோப்ரானோவிடம் காட்டி, என்ன பாட்டு என்று கேட்டுச் சொல்லுங்கள்.